அடிபட்ட முட்டோடு எடையைக் குறைப்பது எப்படி: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம். செங்கோட்டைக்குப் பக்கத்தில், கேரள எல்லையில் இருக்கும் எங்கள் புளியரையில் நாலு நாளாகச் சாரல் விடவில்லை. கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வலது பாதம் கல்லிடுக்கில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டுக்குள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மறுநாள் காலையில் முட்டுச் சிரட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு வீக்கம்.

நான் வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவள். அடிபட்டபோது என் எடை 68 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். "காலை அசைக்காத, நல்லா ஓய்வெடு" என்று எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் எடுத்தேன். நாலு மாதம் கழித்து எடை 76. என் பிளவுஸ்களை நானே இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். முட்டு வலியோ குறையவே இல்லை. அதற்குப் பிறகுதான் சரியான வழிக்கு வந்தேன். பதினாலு மாதத்தில் எடை 62க்கு இறங்கியது. இப்போது ஒரு நாளும் மாத்திரை இல்லாமல் கடையைப் பார்க்கிறேன்.

செங்கோட்டையிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் எனக்குத் துணி கொடுக்க வருகிறவர்கள் உண்டு. அளவு எடுக்க நிற்கும்போதே முட்டைப் பிடித்துக்கொள்பவர்கள் அதில் நிறையப் பேர். எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: "நடந்தா எடை குறையும், நடந்தா முட்டு வலிக்கும். நான் என்னக்கா செய்ய?" அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எடையைத் தட்டில் குறைக்க வேண்டும். முட்டைத் தொடையால் தாங்க வேண்டும். நடை மூன்றாவதாகத்தான் வர வேண்டும். நாம் பெரும்பாலும் மூன்றாவதை முதலில் செய்துவிட்டு, வலி வந்ததும் மூன்றையும் விட்டுவிடுகிறோம்.

முதல் படி: என்ன அடி என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கம் எதற்கெடுத்தாலும் "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் மெத்தை மாதிரி இரண்டு ஜவ்வுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மெனிஸ்கஸ் என்று பெயர். எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் கயிறு மாதிரியான நார்கள் வேறு. அவை லிகமென்ட், அவற்றில் அடிக்கடி பேச்சில் வருவது முட்டின் நடுவே குறுக்காக ஓடும் ஏ.சி.எல். மெத்தை கிழிந்தவருக்கும் கயிறு அறுந்தவருக்கும் மருத்துவம் வேறு, பயிற்சி வேறு. மூன்றாவதாக, அடியே படாமல் வயதிலும் எடையிலும் வருகிற மூட்டுத் தேய்மானம். டாக்டரிடம் "எந்த ஜவ்வு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். அதைக் கேட்காமல் திரும்பி வந்ததால் எனக்கு ஒரு மாதம் வீணாயிற்று. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஜவ்வைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும், ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படாது. நல்ல டாக்டர் கையால் அசைத்துப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார்.

சில அறிகுறிகள் இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் முட்டு பெரிதாக வீங்கினால் உள்ளே ரத்தம் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை, முட்டைத் தொண்ணூறு டிகிரிக்கு மடக்க முடியவில்லை, சிரட்டை எலும்பைத் தொட்டாலே உயிர் போகிறது, அல்லது வயது 55 ஆகிவிட்டது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். முட்டு பாதியில் பூட்டிக்கொண்டு நீளவும் மாட்டேன் மடங்கவும் மாட்டேன் என்று நின்றால் உடனே போங்கள். முட்டு சிவந்து கொதித்து, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே போங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு உருவாகியிருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள். அதோடு மூச்சும் முட்டினால் ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

முதல் மூன்று நாள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி, ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. கிரேப் பேண்டேஜ், விரல் மரத்துப் போகாத இறுக்கத்தில். படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஐஸ் வைக்க வேண்டாம், தோல் பாழாவது தெரியாது.

இந்த மூன்று நாளில் செய்யக்கூடாத ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லை ஊர்களில் கஷாயமும் தைலமும் உழிச்சலும் நம் ரத்தத்தில் ஊறியவை. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் புது வீக்கத்தின் மேல் சூடு வைப்பதும், சுளுக்கு என்று நினைத்து அழுத்தி வழிப்பதும், காலைப் பிடித்து இழுப்பதும் வீக்கத்தைக் கூட்டும். மூன்றாம் நாள் ஒருவர் வந்து வழித்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீக்கம் வடிந்து சில வாரம் ஆன பிறகு, வைத்தியரைக் கேட்டு, அவர் சரி என்றால் மெதுவாகத் தைலம் தேய்ப்பது இதமாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தைலம் கிழிந்ததை ஒட்டாது, தொடைக்கும் பலம் தராது.

இரண்டாம் படி: தொடையை அளந்து பாருங்கள்

முட்டு வீங்கியதும் தொடையின் முன் தசை வேலை செய்வதை நிறுத்திக்கொள்கிறது. வலிக்குப் பயந்து நாம் நிறுத்துவது ஒரு பக்கம். அதோடு, மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டாலே தசைக்குப் போகும் கட்டளை குறைந்துவிடுகிறது. சில வாரத்திலேயே தொடை மெலியும். தொடை மெலிந்தால் நடக்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, எல்லாம் நேராக மூட்டுக்குப் போகும். வலி கூடும், இன்னும் அசையாமல் இருப்போம், எடை ஏறும். நாலு மாதம் நான் இந்தச் சுழலில்தான் இருந்தேன்.

ஒருநாள் வாடிக்கையாளருக்குச் சுடிதார் பேண்ட் அளவு எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். டேப் கழுத்தில் கிடந்தது. என்னமோ தோன்றி, சிரட்டையின் மேல் ஓரத்திலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு தொடையையும் அளந்தேன். இடது 52. வலது 49. மூன்று சென்டிமீட்டர். துணியில் மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் பேண்ட் காலில் ஏறாது. அத்தனை சதை என் காலிலிருந்து போயிருக்கிறது, நான் "ஓய்வு" என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பயந்தேன்.

நீங்களும் அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எடை மெஷினைவிட இந்த டேப் முக்கியம். மாதம் ஒருமுறை, அதே உயரத்தில், உட்காராமல் நின்றுகொண்டு, காலைத் தளர்த்தி வைத்து அளக்க வேண்டும்.

அடுத்த வாரம் ரயிலேறிப் புனலூரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சின்னப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள். காலை நீட்டி உட்காரச் சொல்லி, முட்டுக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "சேச்சி, இந்தத் துண்டை முட்டால அமுக்கணும்" என்றாள். அமுக்கினேன். சிரட்டைக்கு மேலே, உட்பக்கமாக, தொடையில் இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். "இங்க கல்லு மாதிரி ஆகணும். ஆகலை பாருங்க." நல்ல காலில் அமுக்கியபோது அந்த இடம் உருண்டு இறுகியது, சிரட்டை மேலே ஏறியது. அடிபட்ட காலில் பிசைந்து வைத்த மாவு மாதிரி அப்படியே கிடந்தது. "பதுக்கெ மதி சேச்சி, பதுக்கெ மதி" (மெதுவா செஞ்சா போதும் அக்கா) என்று சொல்லிக்கொண்டே ஒரு கால் மணி நேரம் அந்த ஒன்றை மட்டும் செய்ய வைத்தாள். கடைசியில் விரலடியில் ஒரு சின்னத் துடிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது.

பயிற்சிகளை வரிசையாகச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை செய்தவர்கள் உங்கள் டாக்டர் அனுமதித்ததை மட்டும் செய்யுங்கள், என் வரிசை உங்களுக்கு இல்லை.

முதல் இரண்டு வாரம் மேலே சொன்ன துண்டு அமுக்குதல். ஐந்து எண்ணும் வரை இறுக்கி, விட வேண்டும். பத்து முறை, ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. அடுப்பில் உலை கொதிக்கும் நேரம் போதும். அதோடு, படுத்துக்கொண்டு குதிகாலைத் தரையோடு தேய்த்தபடி முட்டை மடக்கி நீட்டுவது. மூட்டு இறுகிப் போகாமல் இருக்க இது.

துண்டு அமுக்கும்போது தொடை இறுகத் தொடங்கியதும் அடுத்தது, நேர் கால் தூக்கல். மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி வைத்து, அடிபட்ட காலின் தொடையை முதலில் இறுக்கிவிட்டு, முட்டு மடங்காமல் ஓரடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். தொடையை இறுக்காமல் வெறுமனே தூக்கினால் இடுப்புத் தசைதான் தூக்கும், நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். பத்து முறை, மூன்று சுற்று. ஒரு பக்கமாகப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்குவதும், இரண்டு காலையும் மடக்கி வைத்து இடுப்பைப் பாலம் மாதிரி உயர்த்துவதும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இடுப்புப் பக்கத் தசை தளர்ந்திருந்தால் நடக்கும்போது முட்டு உள்ளே சாயும். பலருக்கு வலியின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாறு வாரத்தில், வீக்கம் இல்லாதபோது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. முதலில் நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்ய வேண்டும், மூன்று எண்ணி இறங்க வேண்டும், பொத்தென்று விழக்கூடாது. தலையணையை எடுத்துவிட்டும் பத்து முறை வந்துவிட்டால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, ஒற்றைக் காலில் அரை நிமிஷம் நிற்பது, பிறகு ஒரு தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது. முழுசாகக் குத்தவைப்பது, சம்மணம், காலை ஊன்றியபடி உடம்பைத் திருப்புவது எல்லாம் பல மாதம் வேண்டாம்.

எனக்குக் கிழிந்தது மெனிஸ்கஸ். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமா என்ற பேச்சும் வந்தது. 2016இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வு ஒன்றில், நடுத்தர வயதில் தேய்ந்து கிழிந்த மெனிஸ்கஸ் உள்ள 140 பேரில் பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு மூன்று மாதப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முட்டு பூட்டிக்கொள்கிறவர்களுக்கும், இளவயதில் விளையாட்டில் கிழித்துக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தாது. ஆனால் என் வயதுக்காரர்கள் ஆபரேஷனுக்குத் தலையாட்டும் முன் "மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

மூன்றாம் படி: தட்டு

70 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலும் அதே 120 கலோரிதான் இருக்கிறது. அடிபட்ட முட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்து சம்பாதிப்பதை, தாளிக்கும்போது கை ஒரு சாய்வு கூடினால் இழந்துவிடுகிறோம். எடை குறைவதற்கு நடையை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு குறைந்தால் முட்டுக்குத் தெரியும்? சமதரையில் நடக்கும்போதே ஒவ்வொரு அடியிலும் முட்டில் விழுவது உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. எடை கூடிய, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடம்பில் ஒரு பங்கு எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டின் மேல் விழும் பாரம் நாலு பங்கு குறைவதாகக் கண்டார்கள். ஐந்து கிலோ குறைந்தால் அடிக்கு இருபது கிலோ. எனக்கு எடை 70க்கு வந்தபோதே படியில் வித்தியாசம் தெரிந்தது.

உங்கள் இலக்கைக் கணக்குப் போட, எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுங்கள். நம் இந்திய உடம்புக்கு 23க்கு மேல் போனால் கூடுதல், 25ஐத் தாண்டினால் பருமன் என்பது கணக்கு. எனக்கு 76 கிலோவில் 31.6 வந்தது. இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்: பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதைத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் நல்ல வேகம், மாதத்துக்கு ஒரு கிலோ என்றாலும் போதும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு சதையும் கரையும், அந்தத் தொடைச் சதையைத்தான் நாம் பாடுபட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் எதைத் தொட வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். சோறும் இட்லியும் பெரிய எதிரிகள் இல்லை, இட்லி ஒன்றில் ஐம்பது கலோரி அளவுதான். எங்கள் பக்கத்துக்கே உரிய இடங்கள் வேறு. பார்டர் பரோட்டா ஒன்று, அளவையும் எண்ணெயையும் பொறுத்து 200 முதல் 300 கலோரி. அதை யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. சால்னா மேல் மிதக்கும் எண்ணெயும், கூட வரும் கோழி வறுவலும் சேர்ந்தால் ஒரு வேளையிலேயே ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். நேந்திரங்காய் சிப்ஸ் நூறு கிராமில் ஐந்நூறு கலோரிக்கு மேல். பழம்பொரி, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), சொதியில் தேங்காய்ப்பால், எல்லாம் நமக்குப் பிடித்தவை. நான் எதையும் அடியோடு விடவில்லை. பரோட்டா மாதம் ஒரு நாள், இரண்டு மட்டும், சால்னாவை மேலே ஊற்றச் சொல்லாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்வது. மரச்சீனி சாப்பிடும் நாளில் சோறு கிடையாது, கிழங்குக்கு மீன்குழம்பு மட்டும். சொதி செய்தால் இரண்டாம் பால் அதிகம், முதல் பால் கொஞ்சம்தான். சிப்ஸ் மட்டும் வீட்டுக்குள் வருவதில்லை, பொட்டலம் கைக்கெட்டினால் என்னால் நிறுத்த முடியாது.

டீயில் எனக்குக் கிடைத்த லாபம் நான் நினைக்காதது. நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. சர்க்கரை மட்டும் கிட்டத்தட்ட 200 கலோரி. மலைக்கு அந்தப் பக்கம் குடிக்கிற மாதிரி கட்டஞ்சாயாவுக்கு மாறினேன், பாலும் சர்க்கரையும் இல்லாமல், ஏலக்காய் தட்டிப் போட்டு. இரண்டு வாரம் கஷ்டமாக இருந்தது, பிறகு பழைய டீதான் பாயசம் மாதிரி தோன்றியது.

குறைப்பதைவிடச் சேர்ப்பது முக்கியம், அது புரதம். இருக்க வேண்டிய எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை ஒன்றில் ஆறு கிராம், ஐம்பது கிராம் சிறுபயறில் பன்னிரண்டு, அதே அளவு கொண்டைக்கடலையில் பத்து, நூறு கிராம் மீனில் இருபதுக்குப் பக்கம். நமக்குப் புட்டும் கடலையும் கைவசம் இருக்கிறது. புட்டைப் பாதியாக்கிக் கடலையை இரண்டு மடங்காக்குங்கள், அது முட்டு நோகிறவருக்கு அருமையான காலைச் சாப்பாடு. கொல்லம் பக்கமிருந்து வரும் சாளை (மத்தி மீன்) மலிவு, வறுக்காமல் குழம்பு வையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தின் அளவைப் பற்றிப் பேசிவிடுங்கள். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தால் முட்டும் சேர்ந்து போகும்.

நாலாம் படி: மூச்சு வாங்கும் வேலை

வாரம் 150 நிமிஷம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதை நடந்துதான் தீர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கால் ஊன்றவே முடியாத வாரங்களில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு முன்னாலும் மேலேயும் மாறி மாறிக் குத்துங்கள். ஒரு பாட்டு ஓடும் நேரம் செய்து, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடியும். நல்ல காலைத் தூக்கி இறக்கலாம். பதினைந்து நிமிஷத்தில் வேர்த்துவிடும்.

சைக்கிள் முட்டுக்கு நல்ல நண்பன், உட்காரும் உயரம் சரியாக இருந்தால். நம் வீடுகளில் சீட்டை எப்போதும் தாழ்வாகவே வைத்திருப்போம், அது முட்டைப் பிழிந்துவிடும். மிதியில் குதிகாலை வைத்து, அதைக் கீழ்ப்புள்ளிக்குக் கொண்டுவந்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட்டை முறுக்கிவிட்டு, ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டு லேசாக மடங்கி நிற்கும். எங்கள் பக்கத்துக்காரர்கள் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியும், அதை நம்பித்தானே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. எதிர்காற்றில் மிதிப்பது மேடு ஏறுவதற்குச் சமம். கிளம்பும்போது மேற்கே போய், களைத்த காலோடு திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி பாருங்கள். காற்று பலமான நாளில் சைக்கிளை எடுக்காதீர்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் பாதிதான் காலுக்கு வரும், நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் தண்ணீருக்குள் நடப்பது பெரிய வரம். நல்ல நீச்சல்குளமோ, அடி தெரிந்த, படித்துறை சரியான குளமோ இருந்து, துணைக்கு ஆளும் இருந்தால் செய்யுங்கள். நீந்துகிறவர்கள் தவளை மாதிரிக் காலை அகட்டி உதைக்கக்கூடாது, அது முட்டின் உட்பக்கத்தை இழுக்கும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் முட்டு நிலைப்படும் வரை அருவிக்குப் போக வேண்டாம். வழுக்குப் பாறை, மேலே விழும் தண்ணீர், பின்னாலிருந்து தள்ளும் கூட்டம், மூன்றும் சேர்ந்த இடம் அது.

நடையைத் தொடங்க எனக்குச் சொல்லப்பட்ட அளவு: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழ முடிய வேண்டும், நேர் கால் தூக்கல் மூன்று சுற்று வலியில்லாமல் வர வேண்டும். பிறகு சமதரையில் ஏழெட்டு நிமிஷம், காலையும் மாலையும். வாரத்துக்கு இரண்டு நிமிஷம் கூட்டுங்கள். வயல் வரப்பு வேண்டாம், அது பாதத்தைச் சாய்க்கும். லாரி போகும் மெயின் ரோட்டின் ஓரச் சரிவும் வேண்டாம். பள்ளிக்கூட மைதானம் நல்லது. ரப்பர் செருப்பு மழைக்காலத்தில் ஆபத்து, பின்வார் உள்ள, அடியில் பிடிப்புள்ள செருப்பு வாங்குங்கள். கம்பு ஊன்றுவதானால் நோகும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பலர் நோகும் பக்கமே ஊன்றுகிறார்கள்.

வீட்டில் மாற்ற வேண்டியவை

கழிப்பறைதான் முதலில். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். துவைப்பது, காய் நறுக்குவது, கோலம் எல்லாம் ஸ்டூலிலோ நின்றோ. வண்டியைக் காலால் உதைத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். கோவிலில் விழுந்து கும்பிடுவதையும் தரையில் அமர்ந்து தொழுவதையும் கொஞ்ச நாள் நாற்காலிக்கு மாற்றிக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. என்னைப் போல உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்டிப் பத்து தடவை தொடையை இறுக்குங்கள். நான் ஒரு பிளவுஸின் கை இரண்டும் தைத்து முடித்தால் எழுந்துவிடுவேன்.

வலியை எப்படி அளப்பது

பத்துக்கு எத்தனை என்று மனசுக்குள் மார்க் போடுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை சரி. நாலு, ஐந்து என்றால் அளவைக் குறையுங்கள். அதற்கு மேல் போனால் நிறுத்துங்கள். அதைவிட முக்கியம் மறுநாள் காலை: முட்டு முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால், மடக்கும்போது இறுக்கமாக இருந்தால், நேற்று செய்தது அதிகம். ஒரு நாள் விட்டு, பாதியிலிருந்து தொடங்குங்கள். முழுசாக நிறுத்தாதீர்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் இந்த அளவுகோல் கெட்டுவிடும். ரத்த அழுத்தம், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கிப் போடவே கூடாது.

மலை ஏறலாமா?

கார்த்திகை பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், எல்லோரும் கேட்கிறார்கள். பம்பையிலிருந்து சன்னிதானம் சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். ஏறுவது மூச்சுக்குச் சோதனை, இறங்குவதுதான் முட்டுக்குச் சோதனை. என் கணவரின் தம்பிக்குப் போன வருஷம் முட்டில் அடி. மாலை போடும் முன் அவருக்கு நான் வைத்த கணக்கு இது: அடிபட்ட ஒற்றைக் காலால் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ வேண்டும், மூன்று மாடி படி ஏறி இறங்கி மறுநாள் வீக்கம் வரக்கூடாது, ஒரு மணி நேரம் சமதரை நடை பழகியிருக்க வேண்டும். முதலாவதில் தோற்றார். ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, பயிற்சி செய்து, இந்த வருஷம் போய் வந்தார், கையில் கம்போடு.

எனக்கு மலை என்றால் பண்பொழி திருமலைக் குமாரசாமிதான். சிறு வயதிலிருந்து படி வழியாகத்தான் போவேன். இரண்டு வருஷம் கீழே நின்று கும்பிட்டேன். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன், கூட்டம் சேராத ஒரு காலையில், டேப்பை எடுத்து அளந்தேன்: இடது தொடை 50, வலது 49.5. கிளம்பிவிட்டேன். இருபது படிக்கு ஒருமுறை நின்று, நல்ல காலை முன்வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். இறங்கும்போது படி வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்ததால், மேலே வரை வரும் சாலையில் ஆட்டோவை வரச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை முட்டைத் தொட்டுப் பார்த்தேன், வீக்கம் இல்லை. இன்னும் ஆறு மாதத்துக்கு இறங்குவது ஆட்டோவில்தான்.